ஹார்ட்விக் ஹால்: கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் சுவர்

இங்கிலாந்தின் எம்1 நெடுஞ்சாலையில் டார்பிஷயர் வழியாகப் போகும்போது, மேட்டின்மேல் ஆறு கோபுரங்களுடன் ஒரு வீடு சாலையிலிருந்தே தெரியும். அதுதான் ஹார்ட்விக் ஹால். 1590-இல் வேலை தொடங்கி 1597-இல் குடிபுகுந்தார்கள். ‘சுவரைவிடக் கண்ணாடி அதிகம்’ என்று ஊரார் அதற்கு ஒரு சொலவடையே கட்டிவிட்டார்கள். மாலை வெயில் மேற்கு முகப்பில் விழும் படங்களைப் பார்த்தால் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பது விளங்கும். ஆனால் கட்டட வேலை தெரிந்த யாருக்கும் முதலில் எழும் கேள்வி வேறு. வெளிச்சுவரில் இவ்வளவு திறப்பு விட்டபிறகு வீடு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது?

விடை சன்னலில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. அந்த ஒரு முடிவிலிருந்துதான் இந்த வீட்டின் அழகும் வந்தது, நானூறு ஆண்டுகளாக அதைப் பராமரிப்பவர்கள் படும் பாடும் வந்தது. சிங்கப்பூரில் கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடுகளைப் பழுதுபார்க்கிறவர்களுக்கும், பழைய கட்டடங்களை ஆசையோடு பார்க்கிறவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

கட்டச் சொன்னவர் ஷ்ரூஸ்பரி பிரபுவின் மனைவி எலிசபெத். ஊர் அறிந்த பெயர் பெஸ். நான்கு முறை மணந்து நான்கு முறை கைம்பெண் ஆனவர். கடைசிக் கணவர் இறந்த 1590-லேயே இந்தப் புதுவீட்டு வேலை தொடங்கியது. கோபுர உச்சிகளில் கல்லில் செதுக்கிய ‘இ’, ‘எஸ்’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் மேலே பிரபு குலத்துக் கிரீடமும் வானத்தை ஒட்டி நிற்கின்றன. எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்பதன் முதலெழுத்துகள் அவை. வீட்டை வரைந்தவர் ராபர்ட் ஸ்மித்சன், கல்தச்சராகத் தொழிலுக்கு வந்தவர். அதற்கு முன் லாங்லீட், வொலட்டன் என்ற இரண்டு பெரிய வீடுகளில் வேலை செய்திருக்கிறார். வொலட்டன் தேவாலயத்தில் உள்ள அவருடைய கல்லறைக் கல்வெட்டு அவரைக் கட்டடக் கலைஞர் என்றே குறிப்பிடுகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு தொழிலாளியின் கல்லறையில் அப்படி எழுதியது அரிது.

இனி அமைப்பு. தரைப்படம் ஒரு நீள்சதுரம். நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு, குறுகிய பக்கங்களில் ஒவ்வொன்று என ஆறு கோபுரங்கள் அதிலிருந்து வெளியே துருத்துகின்றன. அறைகள் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை. இரண்டு வரிசைக்கும் நடுவே, வீட்டின் நீளவாக்கில் தடித்த கற்சுவர் ஒன்று எழுகிறது. உத்தரங்களின் ஒரு முனை இந்தச் சுவரில் உட்கார்கிறது. அதைவிட முக்கியம், கணப்படுப்புகளும் அவற்றின் புகைவழிகளும் பெரும்பாலும் உள்சுவர்களுக்குள்ளேயே ஓடுகின்றன.

கணப்படுப்பை வெளிச்சுவரில் வைத்தால் என்ன ஆகும்? புகைவழி தரையிலிருந்து கூரைவரை போகவேண்டும். அதன் அகலம் முழுவதும் சன்னல் வைக்க முடியாத திண்ணிய கல்லாகிவிடும். மூன்று மாடி, மாடிக்கு இத்தனை அறை, அறைக்கு ஓர் அடுப்பு என்று கணக்குப் போட்டால் முகப்பில் பாதி போய்விடும். ஸ்மித்சன் அந்தச் சுமையை உள்ளே தள்ளினார். வெளிச்சுவரை மெலிந்த கல்தூண்களும் அவற்றுக்கிடையே கண்ணாடியுமாகத் திறந்துவிட்டார். துருத்திநிற்கும் கோபுரங்கள் அந்த மெலிந்த சுவருக்குப் பக்கவாட்டு முட்டுக்கொடுக்கின்றன. அப்படியும் சில இடங்களில் புகைவழியோ மாடித்தளமோ சன்னலுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அங்கே முகப்பின் ஒழுங்கு கெடாமலிருக்க, கண்ணாடி போட்டு உள்ளே அடைத்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது சன்னல், உள்ளே சுவர். இதை ஏமாற்று வேலை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகப்பின் இரு பாதிகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவேண்டும் என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்த ஒருவர், கடைசிவரை அந்த முடிவில் நின்றிருக்கிறார்.

சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் நடப்பவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதல்ல. கடைவீட்டின் பாரத்தை முகப்பு சுமப்பதில்லை, இரண்டு பக்கத்துப் பொதுச்சுவர்கள்தான் சுமக்கின்றன. மர உத்தரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து மற்றதற்குப் பாய்கின்றன. அதனால்தான் மேல்மாடி முகப்பில் தரையைத் தொடும் உயரத்துக்கு மூன்று சன்னல்களை அடுத்தடுத்து வைக்க முடிகிறது. டார்பிஷயரில் குளிருக்கும் கௌரவத்துக்கும் செய்ததை, இங்கே காற்றுக்கும் குறுகிய மனைக்கும் செய்தார்கள். பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் கடைவீட்டின் பொதுச்சுவரில் உத்தரம் உட்காரும் இடத்தைக் குடைகிறவர்கள், ஹார்ட்விக்கின் நடுச்சுவரைக் குடைவதற்குச் சமமான தவறைச் செய்கிறார்கள்.

மாடி அமைப்பிலும் ஒரு துணிச்சல் இருக்கிறது. மேலே போகப்போக அறையின் உயரம் கூடுகிறது, சன்னலும் பெரிதாகிறது. தரைத்தளம் வேலைக்காரர்களுக்கு, முதல் மாடி பெஸ்ஸின் அன்றாட வாழ்க்கைக்கு, இரண்டாம் மாடி அரசியே வந்தாலும் வரவேற்கத்தக்க சபை அறைகளுக்கு. கல் படிக்கட்டு ஒன்று வீட்டின் ஊடே வளைந்து வளைந்து மேலே கொண்டுபோகிறது. நுழைந்ததும் வரும் மண்டபம், அதுவரை இங்கிலாந்தில் வழக்கமாயிருந்ததுபோல் முகப்புக்கு இணையாகக் கிடக்காமல், முன்வாசலிலிருந்து பின்பக்கம்வரை குறுக்கே ஓடுகிறது. முகப்பின் இரு பாதிகளும் சரிசமமாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஒரு சன்னலைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். கல்லாலான நெடுங்கால்களும் குறுக்குக் கட்டைகளும் சன்னலைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது ஒரே கண்ணாடி அல்ல, சிறுசிறு துண்டுகளைக் கோத்த ஒரு பலகம். அன்றைக்குக் கண்ணாடியை ஊதித்தான் தட்டையாக்கினார்கள். சீரான பெரிய தகடு கிடைப்பது கடினம். அதனால் சிறு துண்டுகளாக வெட்டி, ‘எச்’ வடிவ ஈயப் பட்டிகளின் இரு பள்ளத்திலும் செருகி, பட்டிகள் சந்திக்கும் இடங்களில் பற்றுவைத்தார்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயும் சுண்ணப்பொடியும் கலந்த மக்கை ஈயத்தின் உதட்டுக்கடியில் தேய்த்து அடைத்தால் பலகம் விறைக்கும், தண்ணீரும் புகாது. பலகத்தின் முதுகில் செம்புக் கம்பித் துண்டுகளைப் பற்றுவைத்து, கல்லில் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகளில் முறுக்கிக் கட்டுவார்கள். காற்றின் அடியைத் தாங்குவது இந்த இரும்புக் கம்பிதான்.

கெடுவதும் இதே வரிசையில்தான். முதலில் மக்கு காய்ந்து உதிரும். பலகம் தளர்ந்து காற்றில் அதிரத் தொடங்கும். அதிர்வில் செம்புக் கம்பி அறும். அதன்பின் பலகம் உள்பக்கம் புடைக்கும். புடைத்த பலகத்தைக் கையால் அழுத்தி நிமிர்த்தப் பார்த்தால் கண்ணாடி நொறுங்கும். கழற்றி மேசையில் படுக்கவைத்து, வரைபடம் எடுத்து, துண்டு துண்டாகப் பிரித்துப் புது ஈயத்தில் கோப்பதுதான் முறை. பழைய கண்ணாடியின் நெளிவும் குமிழும் அப்படியே இருக்கவேண்டும். ஒரு துண்டு உடைந்திருந்தால் அந்த ஒன்றைத்தான் மாற்றலாம். வரிசையையே தட்டைக் கண்ணாடியாக மாற்றினால் வெயில் படும்போது முகப்பு முழுவதும் ஒரே பலகையாக மின்னும். இப்போதோ ஒவ்வொரு துண்டும் சற்றே வேறு கோணத்தில் இருப்பதால் வெளிச்சம் உடைந்து சிதறுகிறது.

இரும்புக் கம்பியின் முனைதான் இன்னும் பெரிய தொல்லை. கல்லுக்குள் பதிந்த முனையில் ஈரம் இறங்கினால் துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லுக்கு விரிந்துகொடுக்கத் தெரியாது, பிளக்கும். நெடுங்காலில் கம்பி நுழையும் இடத்தில் நேர்கோடாக விரிசல் கண்டால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. விரிசலை மட்டும் பூசி மூடினால் சில குளிர்காலங்களில் அதே இடம் மறுபடி வெடிக்கும். இரும்பு முனையை முழுதாக வெளியே எடுத்து, எஃகின் துருப்பிடிக்காத வகையையோ வெண்கலத்தையோ பொருத்தவேண்டும்.

வீட்டின் கல் அந்த மேட்டின் அடிவாரத்திலேயே வெட்டிய மணற்கல். மணற்கல்லில் படிவு படிவாகத் தளங்கள் உண்டு. குவாரியில் எப்படிக் கிடந்ததோ அப்படியே, தளங்கள் கிடைமட்டமாக இருக்கும்படி அதைச் சுவரில் வைக்கவேண்டும். செங்குத்தாக முகப்பைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டால் மழையும் உறைபனியும் சேர்ந்து வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்காக உரித்துவிடும். உரிந்த கல்லை மாற்றும்போது ஒட்டுப்பூச்சு போதாது. கெட்ட பகுதியைச் சதுரமாக, சுமார் 100 மி.மீ. ஆழத்துக்காவது வெட்டியெடுத்து, அதே வகைக் கல்லை, அதே தளவாக்கில், சுண்ணாம்புச் சாந்தில் உட்காரவைக்கவேண்டும்.

சாந்தைப் பற்றிச் சற்று நீட்டியே சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கேயும் அங்கேயும் அதிகம் கெடுப்பது இதில்தான். பழைய சுவரின் விதி ஒன்று: சாந்து, கல்லைவிடவும் செங்கல்லைவிடவும் மென்மையாக இருக்கவேண்டும். சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேற வேண்டும், உப்பும் அங்கேதான் பூக்கவேண்டும். சாந்து உதிர்ந்தால் சாந்தை மாற்றலாம். கற்களுக்கு இடையேயான இணைப்பைச் சிமெண்டால் அடைத்தால் (பாயிண்டிங்) ஈரம் சாந்து வழி போகமுடியாமல் கல் வழியாக வெளியேறும். உப்பு கல்லின் முகத்துக்கு அடியில் பூத்து முகத்தையே தள்ளிவிடும். சிமெண்டு கோடு மட்டும் எலும்புக்கூடாக நீட்டிக்கொண்டு நிற்க, கல் உள்வாங்கிப்போன சுவர்களை இங்கிலாந்தில் எங்கும் பார்க்கலாம்.

சரியான முறை சிரமமானதல்ல, பொறுமை வேண்டும். கற்களுக்கு இடையே உள்ள இணைப்பை அதன் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. ஆழத்துக்கு உளியால் சுரண்டவேண்டும். மின் அரைவை இயந்திரம் கூடாது, கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். தூசி போகக் கழுவி, சுவரை நனைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு கூரான மணல் சேர்த்த சாந்தை, தண்ணீர் குறைவாகப் பிசைந்து, அழுத்தித் திணிக்கவேண்டும். ஓரளவு இறுகியதும் விறைப்பான தூரிகையால் குத்திவிட்டால் மணல் முகம் தெரியும், ஈரம் வெளியேறவும் வழி கிடைக்கும். பிறகு பல நாள் ஈரச் சாக்கு போட்டு மூடவேண்டும். அங்கே வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே இறங்கும் பருவத்தில் இந்த வேலையை எடுக்கவே மாட்டார்கள், உறைந்தால் சாந்து பொடியாகும். நமக்குப் பிரச்சினை நேரெதிர். நண்பகல் வெயில் சாந்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அல்லது மாலை மழை வந்து கழுவிவிடும். நிழல்துணி கட்டாமல் சிங்கப்பூரில் சுண்ணாம்பு வேலை செய்யக்கூடாது.

சுண்ணாம்பு நமக்குச் சொல்லித்தரவேண்டிய பொருளும் அல்ல. 1862-இல் அர்ப்பணிக்கப்பட்ட செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவரில் இந்தியக் கைதிகள் பூசியது ‘மெட்ராஸ் சுண்ணம்’. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக்கருவும் நாட்டுச் சர்க்கரையும் அடித்துக் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்து, காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இன்று இஸ்தானா என்று நாம் அழைக்கும் மாளிகையும், காலனி அரசின் பொறியாளர் மெக்நேர் வரைந்து 1869-இல் கைதிகளின் உழைப்பால் முடிந்ததுதான். ஆங்கிலேயப் பிரபுவின் கிராமத்து மாளிகையை வெப்பநாட்டுக்கு மாற்றிய வடிவம் அது. தீபாவளிக்கு மக்களுக்குத் திறந்துவிடும்போது போகிறவர்கள், சுற்றிவரும் தாழ்வாரங்களையும் சுவரின் உயரத்தையும் நின்று கவனியுங்கள்.

தேக்காவின் சிராங்கூன் சாலைக் கிளைத்தெருக்களில், கடைவீடுகளின் முன்னால் ஓடும் கூரையிட்ட ஐந்தடிப் பாதையில் நடந்தால், தூணின் அடியில் இடுப்பளவு உயரத்துக்குச் சாயம் கொப்பளித்து, கீழே வெள்ளைப் பொடி கொட்டிக்கிடப்பது தெரியும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் அது. அதைச் சிமெண்டால் பூசி, மேலே அக்ரிலிக் சாயம் அடித்தால் கொஞ்ச நாள் பளிச்சென்று இருக்கும். ஈரம் நிற்காது, பூச்சு முடியும் உயரத்துக்கு மேலே ஏறி அங்கே கொப்பளிக்கும். சிமெண்டை உரித்துவிட்டு, சுவரைக் காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சும் ஈரம் விடும் கனிமச் சாயமும் அடிப்பதுதான் நிலைக்கும்.

கூரைக்கு வருவோம். கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் தட்டையான ஈயக் கூரை ஹார்ட்விக்கினுடையது. விருந்தினர்கள் சாப்பாடு முடிந்து அந்த ஈயத்தின்மேல் நடந்து கோபுர அறைக்கு இனிப்பு உண்ணப் போவார்களாம். ஈயம் நூற்றாண்டு தாங்கும், அளவு மீறாமல் இருந்தால். வெப்பத்தில் அது அதிகம் விரியும் உலோகம். 3 மீட்டர் நீளத் தகடு, குளிர்கால இரவுக்கும் கோடை வெயிலுக்கும் இடையே 60 டிகிரி வேறுபாட்டில் 5 மி.மீ.க்கு மேல் நீளும். நீளவும் சுருங்கவும் இடமில்லாமல் இருபுறமும் ஆணி அடித்துவிட்டால் நடுவில் உப்பி, உப்பிய இடம் சோர்ந்து கிழியும். இன்றைய பிரிட்டிஷ் நடைமுறையில் 3.55 மி.மீ. தடிப்புள்ள, ‘எண் 8’ என்று வகைப்படுத்தும் தடித்த தகட்டுக்கே தட்டைக் கூரையில் அதிகபட்சம் 750 மி.மீ. அகலம், 3 மீட்டர் நீளம்தான். அந்த ஒரு தகடே ஏறத்தாழ 90 கிலோ. பக்கங்களில் மரக்கட்டை உருளைமேல் மடித்து, ஓட்டத்தின் திசையில் 50 மி.மீ. படி இறக்கி அடுத்த தகட்டைத் தொடங்குவார்கள். வாட்டம் 80-க்கு 1 போதும். எதிரெதிர் ஓரங்கள் இரண்டிலும் செம்பாணி அடிக்கமாட்டார்கள்.

பலரும் மறக்கும் இடம் ஈயத்தின் அடிப்பக்கம். வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்த ஈயத்தின் அடியில் பனித்துளியாகப் படிந்தால், வெள்ளைப் பொடியாக அரித்துக்கொண்டே போகும். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. பலகைக்கடியில் காற்று ஓட 50 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். எடுத்த பழைய ஈயத்தை வீசுவதில்லை. உருக்கி மணற்படுகையில் ஊற்றி மறுபடி தகடாக்குகிறார்கள்.

மழைநீர் வாய்க்கால் அடைப்பதைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் இலை அடைத்தால் தண்ணீர் உள்ளேதான் இறங்கும், அது டார்பிஷயராக இருந்தாலும் தேக்காவின் டன்லப் தெருவாக இருந்தாலும்.

இவ்வளவு கண்ணாடி வைத்த வீட்டில் உள்ளே என்ன நடக்கும்? வெளிச்சம் துணியைத் தின்னும். இரண்டாம் மாடியின் கிழக்குப் பக்கம் முழுவதும் ஓடும் நீளக்கூடம் ஏறத்தாழ 50 மீட்டர். அதன் சுவரில் பைபிளில் வரும் கிதியோன் கதையைச் சொல்லும் 13 நெய்சித்திரத் திரைகள், ஒவ்வொன்றும் 6 மீட்டர் அளவு உயரம். பெஸ் இவற்றை 1592-இல் வாங்கினார். முந்தைய உரிமையாளரின் குலச்சின்னத்தை மாற்றவேண்டியிருந்ததால் விலையில் 5 பவுண்டு குறைத்துக்கொண்டாராம், கணக்கில் அவ்வளவு கறார். கம்பளியும் பட்டும் வெளிச்சத்தில் இழக்கும் வலுவைத் திரும்பப் பெறமுடியாது. அதனால் இத்தகைய பொருள்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம், ஆண்டுக்கு 150,000 லக்ஸ்-மணி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். சன்னல்களில் திரை இறக்கி, புற ஊதாக்கதிரை வடிகட்டும் படலம் ஒட்டியிருப்பது இதற்குத்தான். கூடம் இருட்டாக இருக்கிறதே என்று பார்வையாளர்கள் குறைப்படுவதுண்டு. கண் பழக ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும். சூடேற்றுவதும் மனிதருக்காக அல்ல. காற்றின் ஈரப்பதம் 50 முதல் 65 விழுக்காட்டுக்குள் இருக்கும்படி, ஈரம் கூடும்போது மட்டும் இளஞ்சூடு கொடுப்பார்கள். ஈரப்பதம் எளிதில் 80-ஐத் தாண்டும் நம் ஊரில் பழைய துணியும் ஏடும் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் மனப்பாடமாக இருக்கவேண்டும்.

மேல்மாடிச் சபை அறையைத் தனியாகச் சொல்லவேண்டும். 1587-இல் வாங்கிய பிரஸ்ஸல்ஸ் திரைகள் சுவரின் கீழ்ப்பகுதியை மூடுகின்றன. அவற்றுக்கு மேலே கூரைவரை வண்ணச் சுதை வேலை: காடு, மரங்கள், விலங்குகள், வேட்டைத் தெய்வமான டயானா. ஏப்ரகாம் ஸ்மித் என்ற கலைஞரின் கைவேலை. நமக்குக் கோபுரத்துச் சுதையைப் பார்த்துப் பழகிய கண். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் 2023 குடமுழுக்குக்கு முன் தமிழகத்துச் சிற்பிகள் வந்து கோபுரச் சுதையைச் செப்பனிட்டு வண்ணம் தீட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பதே அங்கே முறை, ஏனென்றால் அது வழிபாட்டில் இருக்கும் உருவம். ஹார்ட்விக்கில் யாரும் மறுவண்ணம் பூசுவதில்லை. மங்கிப்போன சாயத்தை அப்படியே விட்டு, உதிரும் இடத்தை மட்டும் இறுக்கிப் பிடிக்கிறார்கள், ஏனென்றால் அது ஒரு கலைஞரின் கை பட்ட பரப்பு. இரண்டும் நியாயமானவை. ஆனால் ஒன்றின் முறையை மற்றதில் பயன்படுத்தினால் இரண்டுமே கெடும். பழைய கட்டடத்தில் கைவைக்கும் முன் இந்தக் கேள்விக்கு விடை காணாதவர்கள்தான் தேவையில்லாமல் பளபளப்பாக்குகிறார்கள்.

இந்த வீடு இப்படி மாறாமல் தப்பியதற்குச் சட்டம் மட்டும் காரணமல்ல. பெஸ்ஸின் வழித்தோன்றல்களான டெவன்ஷயர் பிரபுக்கள் சாட்ஸ்வொர்த்தில் குடியிருந்தார்கள், ஹார்ட்விக் இரண்டாம் வீடாகவே கிடந்தது. அதனால் நாகரிகத்துக்கு ஏற்ப இடித்துக்கட்ட யாரும் முனையவில்லை. 1950-இல் பத்தாம் டெவன்ஷயர் பிரபு இறந்தபோது சொத்துக்கு 80 விழுக்காடு மரணவரி விழுந்தது. வரிக்கு ஈடாக வீடு 1956-இல் அரசுக்குப் போய், 1959-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் அறநிறுவனமான நேஷனல் டிரஸ்டிடம் வந்தது.

இங்கிலாந்தில் சட்டப்படி காக்கப்படும் பழைய கட்டடங்களின் பட்டியலில் ஏறத்தாழ 400,000 பதிவுகள் உண்டு. முதல் தரம் பெற்றவை அதில் 2.5 விழுக்காடு, ஹார்ட்விக் அதில் ஒன்று. பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: பட்டியல் குறிப்பில் எழுதியது மட்டும்தான் பாதுகாப்பில் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. உள்சுவர், படிக்கட்டு, கதவுப் பூட்டு, 1948 ஜூலை 1-க்கு முன் வளாகத்தில் எழுந்த தொழுவமும் மதிலும் எல்லாம் சேர்த்தி. அனுமதியின்றி மாற்றினால் அது குற்றம். இரண்டாண்டுச் சிறையும் வரம்பில்லா அபராதமும் விதிக்கலாம். சிங்கப்பூரில் 1989-இல் தேக்கா, சைனாடவுன், கம்போங் கிளாம் பகுதிகள் பாதுகாப்பு வட்டாரங்களாயின. இன்று 7,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பாதுகாப்பில் உள்ளன. இங்கே விதி வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். தேக்கா போன்ற வரலாற்று வட்டாரங்களில் முழுக் கட்டடத்தையும் காக்கவேண்டும். வேறு சில வட்டாரங்களில் பின்பக்கம் புதிய நீட்டிப்பு கட்டலாம். வாங்குவதற்கு முன் எந்த வகை என்று பார்த்துவிடுங்கள்.

தீ பற்றி ஒரு எச்சரிக்கை. 1989 ஆகஸ்ட் 30-இல் சசெக்சில் உள்ள அப்பார்க் மாளிகையின் கூரையில், ஈய வேலைக்குப் பயன்படுத்திய ஊதுவிளக்கிலிருந்து தீப்பிடித்தது. பழுதுபார்ப்பு முடியும் தறுவாயில் கூரையும் மேல்மாடிகளும் போயின. மீட்டுக்கட்டித் திறக்க 1995 ஆனது. அதிலிருந்து, பழைய கூரையில் சுடர் வேலையைக் கூடியவரை தவிர்க்கிறார்கள். ஈயத்தைக் கீழே பட்டறையில் பற்றுவைத்து மேலே கொண்டுபோவார்கள். மேலே செய்தே ஆகவேண்டுமென்றால் தனி அனுமதிச் சீட்டு, பக்கத்தில் தீயணைப்பான், வேலை முடிந்த பிறகும் காவல். நூறு வருஷப் பழைய மரம் உள்ள கடைவீட்டுக் கூரையில் நீர்க்காப்புத் தாளை ஊதுவிளக்கால் ஒட்டவரும் ஒப்பந்தக்காரரிடம் இதே சீட்டைக் கேளுங்கள். காட்டாவிட்டால் வேலையை நிறுத்திவிட்டு, குளிர்நிலையில் ஒட்டும் தாளுக்கு மாற்றச் சொல்லுங்கள்.